பழைய கைத்துப்பாக்கிக்கு மெருகு போடலாமா? சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்தில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் தாத்தா காலத்து வெப்ளி ரிவால்வர் ஒன்று உரிமத்தோடு இருக்கிறது. முதன்முறை பார்த்தபோது அதன் நீலக் கருமை பெரும்பாலும் மங்கியிருந்தது. கைபட்டுத் தேய்ந்த ஓரங்களில் மட்டும் இரும்பு வெளுத்துத் தெரிந்தது. ஆனால் குழலின் மேலிருந்த எழுத்துகள் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கூர்மையாக இருந்தன. வெப்ளி நிறுவனத்தின் இறக்கை முளைத்த குண்டுச் சின்னத்தில் இறகின் கோடுகளைக்கூட எண்ணிவிடலாம். அடுத்த முறை பார்த்தபோது அது புது எவர்சில்வர் சொம்பைப் போல மின்னியது. வீட்டுக் கல்யாணத்துக்காகப் பாத்திரங்களை மெருகு போடக் கொடுத்தபோது, இதையும் கூடவே கொடுத்துவிட்டார்களாம். இறக்கை போய்விட்டது, குண்டின் நிழல்போல ஒரு மேடு மட்டும் மிச்சம். "நல்லா இருக்குல்ல சார்?" என்று வீட்டுக்காரர் பெருமையோடு கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

பழைய கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களும் பாட்டன் சொத்தாகப் பெற்றவர்களும் செய்யும் தவறுகளில் திருத்தவே முடியாதது இதுதான். மற்றத் தவறுகளுக்கு ஏதோ ஒரு மாற்று உண்டு. மெருகுச் சக்கரம் தின்ற இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க யாராலும் முடியாது.

துப்பாக்கியின் மேலுள்ள நீலம் வண்ணப்பூச்சு அன்று. இரும்பின் மேற்பரப்பையே கட்டுப்பாட்டோடு துருப்பிடிக்கவைத்து, அந்தச் செந்துருவைக் கொதிநீரில் கருந்துருவாக மாற்றி, மேலே நிற்கும் தூளைத் துடைத்தெடுத்து, இதையே பலமுறை திரும்பச் செய்து உண்டாக்கிய மெல்லிய படலம் அது. இப்படி நாள்கணக்கில் செய்த பழைய நீலத்துக்கு ஓர் ஆழமும் அடக்கமும் இருக்கும். கொதிக்கும் காரக் கரைசலில் முக்கியெடுத்துச் சில நிமிடங்களில் கருமையேற்றும் முறை 1930-களில்தான் பரவலாயிற்று. ஆகவே 1900-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட ரிவால்வர் ஒன்று தலை முதல் கால் வரை ஒரே பளபளப்பான கறுப்பில் இருந்தால், அது பின்னாளில் யாரோ போட்ட வேடம் என்று தேர்ந்தவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். பழைய தொழிற்சாலைகள் எல்லா உறுப்புக்கும் ஒரே நிறம் கொடுக்கவில்லை. குழலுக்கு ஒரு நீலம், திருகாணிகளுக்குச் சூட்டில் ஏற்றிய மயில்கழுத்து நீலம், குண்டை வெடிக்கவைக்க அடிக்கும் உறுப்பான குதிரைக்கு எலும்புக் கரியில் வைத்துச் சுட்டுத் தண்ணீரில் தோய்த்ததால் வந்த மேகத்திட்டு நிறங்கள் என்று பல துப்பாக்கிகளில் வேறுபாடு இருக்கும். நிக்கல் பூசிய பழைய ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களிலும் குதிரையும் விசையும் நிக்கல் இல்லாமல் அந்தத் திட்டு நிறத்திலேயே இருப்பது வழக்கம். அவையும் சேர்ந்து வெள்ளையாகப் பளபளத்தால் சந்தேகப்படலாம்.

நிறத்தைவிட நம்பகமான சாட்சி வடிவம். வாங்குமுன் சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். திருகாணித் துளைகளின் வாய் கிண்ணம்போலக் குழிந்திருக்கிறதா? தட்டையாக இருக்கவேண்டிய பக்கங்கள் நீரலைபோல நெளிகின்றனவா? விளிம்புகள் கூர் மழுங்கி உருண்டுவிட்டனவா? துருக் குழிகளுக்கு உள்ளேயும் புது நீலம் ஏறியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அது மறுமெருகு கண்ட துப்பாக்கி என்று சந்தேகப்படலாம். துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதித்து முத்திரையிடும் இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச்சாலையின் கிரீட முத்திரைகளும் அவற்றின் கீழுள்ள எழுத்துகளும் ஆழமில்லாத அச்சுகள் என்பதால் முதலில் அழிவது அவைதான். சோதித்த ஊர், காலம், எந்த வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்ற செய்திகளெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. அரிதான துப்பாக்கியாக இருந்து, மூல மெருகும் ஓரளவு மிஞ்சியிருந்தால், அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக்குவது விலையை வெகுவாகக் கீழே தள்ளிவிடும்.

இதில் சட்டமும் சேர்ந்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் தேவை. பாத்திரக்கடை மெருகுக்காரரிடம் அது இருக்காது. உரிமமில்லாதவர் கையில் துப்பாக்கியை விட்டுவருவதும் குற்றம். இவற்றைவிட ஆபத்தானது 8-ஆம் பிரிவு: துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பது குற்றம் என்பதோடு, எண் அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அவரே அழித்தார் என்று சட்டம் கருதும். குடியாத்தத்து வீட்டுக்காரரின் நல்லகாலம், எண் மட்டும் தப்பியிருந்தது.

நம் பகுதியில் அடிக்கடி காண்கிற இன்னொரு தவறு, கதையை நம்பி வாங்குவது. 1749-இல் ஆம்பூர்ப் போர், 1751-இல் ஆற்காட்டு முற்றுகை, 1806 ஜூலை 10-இல் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி என்று வரலாறு நெருங்கிக் கிடக்கிற மண் என்பதால், விற்க வருகிற ஒவ்வொரு பித்தளைப்பூண் பிஸ்டலும் கோட்டையிலிருந்து வந்ததாகவே சொல்லப்படும். கொஞ்சம் நாள்கணக்குத் தெரிந்தால் போதும். கல்லை உரசிப் பொறி உண்டாக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கியா, கேப் எனும் சிறு வெடிமூடியை வைத்து அடிக்கும் துப்பாக்கியா என்று முதலில் பாருங்கள். கேப் முறைக்கு மூலமான கண்டுபிடிப்புக்கு ஃபோர்சித் என்பவர் காப்புரிமை பெற்றதே 1807-இல்தான். கேப் புழக்கத்துக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. கேப் பிஸ்டலாகவே பிறந்த ஒன்றை 1806 புரட்சியில் சுட்டது என்று சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். அதுபோலக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆயுதங்களில் சுடும் பொறியமைப்பைத் தாங்கும் பூட்டுத்தகட்டில் முதலில் இதய வடிவ முத்திரையும், ஏறத்தாழ 1808-க்குப் பின் நின்ற சிங்க முத்திரையும் பொறித்தது. சிங்கம் நிற்கிற பூட்டுக்கும் 1806-க்கும் ஒட்டாது.

சக்கிமுக்கியாகப் பிறந்து பின்னாளில் கேப் முறைக்கு மாற்றப்பட்ட பிஸ்டல்களும் உண்டு. பூட்டுத்தகட்டில் அடைத்த பழைய துளைகள் அதைக் காட்டிக்கொடுக்கும். அவற்றை மூலநிலைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி மறுபடியும் கல் வைக்கும் குதிரையைப் பொருத்துகிறார்கள். அந்த மாற்றமே அந்த ஆயுதத்தின் வரலாறு. அதை அழித்துவிட்டுப் பொருத்துவது புதுப் பொய். அதோடு, வழக்கொழிந்த அல்லது பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதம், பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் இருந்தால் மட்டுமே ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. பரணில் செத்துக்கிடந்த பிஸ்டலுக்கு உயிர்கொடுப்பவர் அந்த விலக்கையும் தாமே இழக்கிறார். பழசு என்றாலே உரிமம் வேண்டாம் என்ற எண்ணம் தவறு. நூறாண்டு கடந்ததென்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் வந்துசேரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆயுத பூஜையன்று துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு வைத்துவிட்டு, அடுத்த ஆண்டுவரை அப்படியே பீரோவில் பூட்டிவைக்கும் வீடுகள் பல. பொட்டு இருந்த இடத்தில் அதே வட்டத்தில் துரு இருக்கும். பூஜை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவினால் சாமி குற்றம் எதுவும் இல்லை. பித்தளைப் பூணைப் புளி போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம்; புளியின் அமிலம் பூணுக்கும் மரத்துக்கும் இடையில் இறங்கிப் பல ஆண்டு பச்சைக் களிம்பாக வெளிவந்துகொண்டே இருக்கும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகி உள்ளுறுப்புகளை ஒட்டவைத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ மேல். உப்புத்தாளை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். இரும்பைத் தின்னும் செந்துருவை மட்டும், எண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, மரக்குச்சியாலோ செம்புத் துண்டாலோ மெல்லச் சுரண்டி நிறுத்தலாம். பழுப்பாக இறுகிப்போன பழந்துருவை விட்டுவிடுங்கள். அது தன் வேலையை எப்போதோ முடித்துக்கொண்டது.

இவ்வளவும் குண்டு இல்லை என்று உறுதியான பிறகுதான். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பிஸ்டல்கள் தலைமுறை கடந்தும் கெட்டித்தபடியே கிடப்பதுண்டு. குழலுக்குள் மரக்குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, குழலின் வெளியே வைத்துப் பார்க்கும்போது பற்றவைக்கும் துளைக்கு முன்பே குச்சி நின்றுவிட்டால், அப்படியே வைத்துவிட்டு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரை அழையுங்கள்.

தோல் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் துப்பாக்கியைத் தோலுறையில் வைக்கக் கூடாது. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் மிஞ்சியிருக்கும். ஐப்பசி மழையில் அது ஈரத்தை உறிஞ்சி, துப்பாக்கியின் பக்கம் முழுவதையும் நனைத்துவைக்கும். ராணிப்பேட்டையில் தோல் வேலை தெரிந்த எவரும் இதை மறுக்கமாட்டார். உறையைத் தனியே, துப்பாக்கியைத் தனியே, எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். தகரக் கூரையடியிலும் பரணிலும் வேண்டாம். வேலூர் வெயிலில் பிடியின் மரம் சுருங்கி விரிசல் விடும்.

மறுமெருகு எல்லாமே பாவம் என்று நான் சொல்லவில்லை. படைத் தொழிற்சாலைகளே தம் ஆயுதங்களைத் திரும்பப் புதுப்பித்ததுண்டு. அது அந்த ஆயுதத்தின் பணிக்காலத்தைச் சேர்ந்தது. என்ஃபீல்ட் ரிவால்வர் ஒன்றின் குதிரையில் கட்டைவிரல் வைக்கும் கொம்பு இல்லையென்றால், அது உடைந்ததன்று. அப்படியே மாற்றி வெளியிட்ட வகை அது. ஏற்கெனவே யாரோ உப்புத்தாள் போட்டுக் கெடுத்து, மூல மெருகு ஒரு துளியும் மிஞ்சாத சாதாரணத் துப்பாக்கிக்கு, உரிமம் பெற்ற கைதேர்ந்தவர் பழைய முறையில் நீலம் ஏற்றினால் இழக்க எதுவுமில்லை. அப்போதும் முன்னும் பின்னும் படம் எடுத்துவைத்து, விற்கும்போது ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகக் காகிதங்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது, வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. இதற்கிடையில் ஒவ்வொரு முறை உரிமப் புத்தகம் மாறியபோதும் பழையதைக் கிழித்தெறிந்தவர்கள் உண்டு. வட ஆற்காடு ஆட்சியர் முத்திரையோடு, தாத்தாவின் பெயரும் துப்பாக்கியின் எண்ணும் எழுதிய அந்த மடிந்த புத்தகம்தான் துப்பாக்கி யாரிடமிருந்து வந்தது என்பதற்கு ஒரே சான்று, காலாவதியானதென்றாலும் பத்திரப்படுத்துங்கள். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுத்து, எண்ணைத் தனியாக ஒரு படம் எடுத்து, ஒப்புகைச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். குடியாத்தத்து வீட்டில் அப்படி எடுத்த பழைய படம் ஒன்று இருக்கிறது. இறக்கை முளைத்த குண்டு இப்போது அந்தப் படத்தில்தான் முழுதாக இருக்கிறது.