பூனை உள்ள வீட்டுக்கு உறுதியான கொசுவலை: நாமே செய்வது எப்படி?

கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் புது வீடு. புதுசு எங்களுக்குத்தான், வீடு பழசு. நானும் வீட்டுக்காரரும் கையால் செய்த ரிப்பேர் வேலைகளில் வருகிறவர்கள் அதிகம் விசாரிப்பது ஜன்னல் கொசுவலையைப் பற்றி. கடற்காற்று உள்ளே வரவேண்டும், கொசு வரக் கூடாது, பூனைகள் இரண்டும் வெளியே போகக் கூடாது.

கடையில் விற்கும் வெல்க்ரோ வலை கொசுவுக்குப் போதும். ஆனால் நாலு கிலோ பூனை பல்லியைப் பார்த்துப் பாய்ந்தால் ஓரத்தோடு பிய்ந்துவிடும். அதனால் வலையின் தரத்தோடு, ஓரத்தை எது பிடித்திருக்கிறது, பூனை எந்தப் பக்கமிருந்து தள்ளும் என்பதையும் முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

இங்கே சொல்வது நடுவில் இரும்புக் கம்பியும், வெளிப்பக்கம் திறக்கும் மரக் கதவும் உள்ள ஜன்னலுக்கு. வலையை நேராக ஜன்னல் நிலையில் அடித்துவிட்டால், அப்புறம் கதவைச் சாத்தக் கை போகாது. 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல் பார்த்த ஊரில் சாத்த முடியாத ஜன்னல் எதற்கு? வலைக்குத் தனிச் சட்டம் செய்து, கீல் வைத்து, அறைக்குள் திறக்கும்படி மாட்டுங்கள். பூனை உள்ளிருந்து தள்ளினால் சட்டம் நிலையோடு இன்னும் அழுந்துமே தவிர திறக்காது.

1. அளவு

பழைய நிலைகள் மூலைமட்டத்தில் இருப்பது அபூர்வம். ஆகவே அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து பெரிய அளவை எடுங்கள். உயரமும் அப்படியே. வலைச் சட்டம் நிலைக்குள் நுழைய வேண்டாம், நிலையின் முகத்தில் உட்கார்ந்தால் போதும். எனவே இரண்டு அளவிலும் இரண்டு அங்குலம் கூட்டுங்கள். சுற்றிலும் ஓர் அங்குலம் மேலே படியும், சின்னக் கோணல்கள் மறைந்துவிடும்.

2. சாமான்

இரண்டு அங்குல அகலம், முக்கால் அங்குல கனத்தில் காய்ந்த மர ரீப்பர் (சட்டம் செய்யும் நீளமான மரத்துண்டு). கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, வளையாததாகப் பொறுக்குங்கள். பீடிங் (வலை ஓரத்தை அமுக்கிப் பிடிக்கும் மெல்லிய மரப்பட்டை), ஃபெவிகால், எல் வடிவ மூலைத் தகடு, கீல், தாழ்ப்பாள், உப்புத்தாள் எல்லாம் ஒரே ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

வலையில் கஞ்சத்தனம் வேண்டாம். நைலான் நகத்துக்குத் தாங்காது, ஜி.ஐ. வலை (துத்தநாகம் பூசிய இரும்பு) உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலையில் 304 ரகம் வாங்குங்கள். வீடு கடலுக்கு ரொம்பப் பக்கம் என்றால் 316 இன்னும் நல்லது, அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பச்சென்று ஒட்டினால் அது 304-ஆக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் காந்தத்தால் 304-ஐயும் 316-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது.

திருகாணி, கீல் இரண்டும் எஸ்.எஸ். அல்லது பித்தளை. பித்தளைத் திருகாணி மென்மையானது, தலை சட்டென்று வழுக்கிவிடும். அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை முடுக்கிக் கழற்றிவிட்டுப் பித்தளையைப் போடுவது ஆசாரிகளின் வழக்கம்.

3. சட்டம்

நாலு துண்டையும் அறுத்து, மூலைகளில் ஃபெவிகால் தடவி, தகடு வைத்துத் திருகுங்கள். முதலில் சின்ன பிட்டால் ஓட்டை போடாவிட்டால் ரீப்பர் வெடிக்கும். பசை காய்வதற்குள் குறுக்காக இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் மூலைமட்டத்தில் இருக்கிறது. இல்லையா, நீளமாக வரும் மூலைவிட்டத்தின் இரண்டு மூலைகளையும் ஒருவர் உள்நோக்கி அமுக்க, இன்னொருவர் டேப் பிடிக்க வேண்டியதுதான். இதற்குத்தான் வீட்டில் ரெண்டு பேர்.

பிரைமரும் பெயின்ட்டும் வலை போடுவதற்கு முன்பே முடியட்டும், பீடிங்குக்கும் சேர்த்து. பூனை பாதத்தில் எது ஒட்டினாலும் நக்கிவிடும். டர்பன்டைன், தின்னர் எல்லாம் அதற்கு ஆகாது. தண்ணீரில் கரையும் எனாமல் வாங்கி மொட்டை மாடியில் வைத்து அடியுங்கள், நன்றாகக் காய்ந்தபின் கீழே கொண்டுவாருங்கள்.

4. வலை

வலை, சட்டத்தின் அறைப்பக்க முகத்தில் வரவேண்டும். வெளிமுகத்தில் வைத்தால் பூனை தள்ளும்போதெல்லாம் ஸ்டேப்பிள் பின்னைத்தான் பிடுங்கும்.

சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். கையுறை கட்டாயம். மேல்பக்க நடுவில் ஒரு பின், இழுத்துப் பிடித்துக் கீழ்ப்பக்க நடுவில் ஒரு பின், பிறகு இடது, வலது. அங்கிருந்து எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி மூலைகளை நோக்கிப் போங்கள். ஒரு மூலையில் ஆரம்பித்தால் மறுமூலையில் சுருக்கம் விழும். பின்கள் தற்காலிகப் பிடிப்புதான். ஓரத்தை மடித்து, மேலே பீடிங் வைத்து, ஆறு அங்குலத்துக்கு ஒரு திருகாணி போட்டால் அதுதான் பாரம் தாங்கும்.

வெட்டிய கம்பித் துணுக்குகளை விடாமல் பொறுக்குங்கள், பூனை விழுங்கினால் வயிற்றைக் குத்தும். காந்தம் இங்கே உதவாது, நல்ல வலை என்றால் துணுக்கும் ஒட்டாதே! பேக்கிங் டேப்பைத் தரையில் ஒற்றி ஒற்றி எடுங்கள்.

5. மாட்டுவது

டிரில் சத்தத்துக்கு முன்னால் பூனைகளை வேறு அறையில் தண்ணீர், மண் தட்டோடு அடைத்துவிடுங்கள். பக்கவாட்டில் இரண்டு கீல், எதிர்ப்பக்கம் மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள். ஒன்று போதுமே என்று கடைக்காரர் சொல்வார். நடுவில் ஒன்று மட்டும் இருந்தால் கீழ் மூலையை நகத்தால் நெம்பி இடைவெளி கண்டுபிடித்துவிடும் எங்கள் கறுப்பி மாதிரிப் பூனைகள்.

மாதம் ஒருமுறை வலையைச் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் உப்பு தங்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் ஊதித் தாழ்ப்பாள் துளை விலகிப்போனால் சட்டத்தைச் சீவாதீர்கள். துளையை மட்டும் அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்துங்கள், தை வெயிலில் மரம் பழையபடி சுருங்கிவிடும்.