தக்காளி வத்தல்: காய்ந்துவிட்டது என்று எப்போது நம்பலாம்?

பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டில் விலை சரிகிற வாரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கிரேட் தக்காளியை வாங்கி வந்துவிட்டு, மூன்றாம் நாள் முழிப்பவர்களுக்கானது இது. வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் வைக்க எல்லோருக்கும் தெரியும். வத்தல் கெடுவது அதற்கெல்லாம் பிறகுதான். சாயங்காலம் ஒரு துண்டை அழுத்திப் பார்த்து, “ஆச்சு” என்று டப்பாவில் போட்டு மூடுகிறோமே, அந்த இடத்தில். பத்து நாள் கழித்துத் திறந்தால் பூஞ்சை வாடை. அதனால் வெட்டுவதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, சோதிப்பதைப் பற்றி நிறையப் பேசலாம்.

எல்லா அளவும் 10 கிலோவுக்கு.

தக்காளி

நீளவாக்கில், சதை தடித்து, சாறு குறைவாக இருக்கும் ஹைப்ரிட் தக்காளிதான் வத்தலுக்குச் சரி. ரசத்துக்கு நாட்டுத் தக்காளியை மிஞ்ச எதுவும் இல்லை, ஆனால் அதைக் காயவைத்தால் தோலும் விதையும்தான் மிஞ்சும். நன்றாகச் சிவந்து, அழுத்தினால் இன்னும் விறைப்பாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். அடிபட்டது, வெடித்தது எல்லாம் அன்றைக்கே தொக்குக்குப் போகட்டும். ஒரு அழுகல் துண்டு தட்டு முழுவதையும் கெடுக்கும்.

கழுவி, ஈரம் துடைத்து, காம்புக் கண்ணை எடுத்துவிட்டு நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். பெரிய பழம் என்றால் ஆறாக. கத்தி ரம்பப் பல் வைத்த எவர்சில்வர் கத்தியாக இருப்பது நல்லது. மழுங்கின கத்தி தோலை அறுக்காமல் நசுக்கும், சாறெல்லாம் பலகையில் ஓடும். விதையும் கொழகொழப்பும் இருக்கட்டும். எடுத்தால் சீக்கிரம் காயும், ஆனால் புளிப்பில் பாதி அதோடு போய்விடும்.

காம்புக் கண் நீக்கிய துண்டுகளை எடை போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் இல்லாமல் கடைசியில் சோதனை நடக்காது.

உப்பு

கல்லுப்பைப் பொடித்து 150 கிராம். துண்டுகளில் பிசறி, துளையுள்ள எவர்சில்வர் கூடையில் ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் ஒரு லிட்டர் வரைக்கும் தண்ணீர் இறங்கும். அதைக் கொட்ட வேண்டாம், ரசத்துக்கு ஆகும், தனியாக உப்புப் போடாமல் இருந்தால் சரி. அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம். புளிப்பும் உப்பும் சேர்ந்து அதை அரிக்கும், வத்தலில் உலோக வாடை ஏறும்.

பரப்புவது

தரையில் தார்ப்பாய் விரித்துப் பரப்புவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மேலே வெயில் எவ்வளவு அடித்தாலும் அடிப்பக்கம் ஈரம் போக வழி இல்லை. பூஞ்சை கீழிருந்துதான் கிளம்பும். மரச்சட்டத்தில் நைலான் வலை இழுத்துக் கட்டி, ஒரு அடி உயரத்தில் செங்கல் மேல் வையுங்கள். 3 அடிக்கு 3 அடி சட்டம் மூன்று இருந்தால் 10 கிலோ இடைவெளியோடு உட்காரும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசனில் வத்தல் போடவும் இதே சட்டம் போதும், ஒரு தடவை செய்த செலவு வீணாகாது. எறும்பு ஏறும் வீடாக இருந்தால் சட்டத்துக்குக் கால் வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

தோல் கீழே, வெட்டுமுகம் மேலே. மேலே கொசுவலைத் துணி, துண்டுகளைத் தொடாமல் குச்சி நட்டு. முதல் நாள் திருப்பவே கூடாது. திருப்பினால் சாறு வலையில் ஒட்டும். இரண்டாம் நாள் மதியம் திருப்பினால் போதும்.

சூரியன் சாய்வதற்கு முன்னால் உள்ளே எடுத்துவிடுங்கள். அப்படியே ஒரே அடுக்காக, ஃபேன் காற்றில். இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் ஒரு கூடையில் குவித்தால் சூட்டில் வியர்த்து, பகல் முழுக்கக் காய்ந்தது ராத்திரியில் நனைந்துவிடும்.

பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் தருமபுரி வெயிலில் நாலு நாளில் முடியும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேட்டு நிலம், குளிர்ச்சி அதிகம். ஒன்றிரண்டு நாள் கூடக் கணக்கு வையுங்கள். ஐப்பசியில் வெயிலை நம்பி ஆரம்பிக்கவே வேண்டாம். அப்போது மின் உலர்த்தியில் 60 டிகிரி, 12 மணி நேரத்துக்குக் குறையாமல். சூடு கூட்டினால் சீக்கிரம் முடியும் என்பது தப்புக் கணக்கு. மேல்தோல் இறுகி ஓடு மாதிரி ஆகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி அடைபடும். ஏர் ஃபிரையரில் ஓரம் கருகும், நடுவு வேகும். அது இதற்கான சாமான் இல்லை.

காய்ந்ததா?

வெயிலில் இருக்கும் துண்டைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சூட்டோடு தொட்டால் நன்றாகக் காய்ந்த துண்டும் மெத்தென்று இருக்கும். மேலே இறுகின பச்சைத் துண்டு காய்ந்த மாதிரி காட்டும். இரண்டுமே பொய். நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு பாருங்கள்.

முதலில், தட்டிலேயே தடிமனான துண்டைத் தேடி எடுத்து நடுவில் கிழியுங்கள். விதை ஒட்டியிருந்த பள்ளத்தில்தான் ஈரம் கடைசிவரை ஒளிந்திருக்கும். கிழிந்த இடத்தை விரலால் நசுக்கினால் பிசுக்கு ஒட்டக் கூடாது, ஈர மினுக்கம் தெரியக் கூடாது. பழைய செருப்புத் தோல் மாதிரி வளைய வேண்டும்.

அடுத்தது தராசு. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் தண்ணீர். அதனால் 10 கிலோ துண்டு, ஒட்டின உப்பையும் சேர்த்து, 600 முதல் 700 கிராம் வத்தலாக வர வேண்டும். 800 கிராமைத் தாண்டினால் கை என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், இன்னொரு நாள் வெயிலில் வையுங்கள்.

இதற்குப் பிறகும் நேராக மூட்டை கட்டக் கூடாது. கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகத்துக்குக் குறைவாகப் போட்டு இறுக மூடி, ஏழு நாள், தினமும் ஒரு தடவை குலுக்குங்கள். அதிகம் காய்ந்த துண்டும் குறைவாகக் காய்ந்ததும் ஈரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஜாடியின் உட்பக்கம் மூச்சுவிட்ட மாதிரி மங்கினாலோ, மூடியில் முத்து முத்தாக நீர் நின்றாலோ மொத்தத்தையும் திரும்ப வெயிலுக்குக் கொண்டுபோங்கள். எவர்சில்வர் டப்பாவில் இது தெரியாது, அதனால்தான் கண்ணாடி.

ஏழு நாள் தாண்டினால் ஃபிரீசரில் 48 மணி நேரம் வைத்து எடுங்கள். திறந்த வெயிலில் பூச்சி வைத்த முட்டை இருந்தால் செத்துவிடும். ஜாடியைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த வத்தலில் காற்றின் ஈரம் படியும். அலமாரியில் ஆறு மாதம், ஃபிரிட்ஜில் ஒரு வருஷம். நிறம் மங்கிப் பழுப்பாவது கெட்டதற்கு அடையாளம் இல்லை.

பொடி

வத்தல் வளைந்தால் பொடியாகாது, மிக்ஸியில் உருண்டையாகச் சுற்றும். ஒடித்தால் ‘பட்’ என்று ஒடியும் வரை இன்னும் காய வேண்டும். பொடி காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும். பெரிய பாட்டிலில் ஒன்றாக வைக்காமல் சின்னச் சின்னதாகப் பிரித்து வையுங்கள். ஒரு நடுத்தரத் தக்காளிக்கு 5 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் கணக்கு.

குழம்புக்கு என்றால் வத்தலை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றுங்கள். களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு வைக்கும்போது புளியைப் பாதியாகக் குறைத்து இதைப் போட்டால் நன்றாக இருக்கும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், வத்தலிலேயே நிறைய இருக்கிறது.

பின்சேர்க்கை

வெள்ளையாகப் படிந்திருப்பது உப்பா, பூஞ்சையா என்ற குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. உப்பு மணல் மாதிரி மினுங்கும், ஈர விரல் பட்டால் கரையும். பூஞ்சை பஞ்சு மாதிரி நார்நாராக எழும்பும், மண்வாடை அடிக்கும். பூஞ்சைதான் என்றால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

எண்ணெயில் போட்டு வைக்கலாமா என்றால், பச்சைப் பூண்டோடு எண்ணெயில் மூழ்க வைத்து அலமாரியில் வைக்கவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரும், வாடையிலும் நிறத்திலும் எதுவும் தெரியாமல் போகலாம். வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு வத்தலை மட்டும் எண்ணெயில் போட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள்.