ஒன்லைன் விளையாட்டுக்கு எந்த வழியில் காசு கட்டுவது?

முதலில் கணக்கைப் பாருங்கள்: மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் விளையாட முடியும்? மாதச்சந்தா, ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஓடும். அரிவுவெட்டுக் காலத்தில் வயலிலேயே நிற்கும் கிளிநொச்சிப் பொடியனுக்கு அது வீண்செலவு. மைன்கிராப்ட் போல ஒருமுறை வாங்கும் விளையாட்டே அவனுக்கு இலாபம். சீசன் பாஸிலும் (ஒரு சீசன் முழுக்க ஆடி ஏறும் படிகளுக்குப் பரிசு தரும் கட்டணச் சீட்டு) இதே சிக்கல்தான்: சீசன் முடிந்தால் எட்டாத படிகளின் பரிசு போய்விடும். ஆகவே இலவசப் படிகளில் ஏறிப் பார்த்துவிட்டு, கடைசி வாரத்தில் பாஸ் வாங்குங்கள். ஏறிய படிகளின் பரிசுகள் பெரும்பாலும் அப்போதே மொத்தமாகக் கிடைக்கும்.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற ஒன்லைன் கடையில் இலங்கைக்கு விலை டொலரில்தான் காட்டும். வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கட்டணம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். மாற்று வீதத்தோடு வங்கிக் கட்டணமும் ஏறலாம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சிக்னல் விழுந்து விழுந்து எழும்பும் ஒட்டுசுட்டான் பக்கத்தவர்கள் அந்த 2 மணித்தியாலத்தைப் பிங் (சேர்வருக்குப் போய்வர எடுக்கும் நேரம்) பார்க்கவே செலவழிக்கலாம்.

அட்டை இல்லாமல் கடையில் டயமண்ட், யூசி போன்ற விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு போடுவதென்றால் பிளேயர் ஐடி மட்டும் கொடுங்கள். கடவுச்சொல் கேட்கிற கடையை விட்டு வெளியே வாருங்கள். ஐடியில் ஓர் இலக்கம் பிழைத்தால் டயமண்ட் வேறொருவருக்குப் போகும்; ஐடியைப் போட்டதும் காட்டும் பெயரைச் சரிபார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

அப்பாவின் போனில் பிள்ளை ஆடினால், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. சந்தாப் பக்கத்துக்குப் போய் இரத்துச் செய்யவேண்டும்.