ரீசெட் லிங்க்கும் ஒரு பாஸ்வேர்டுதான்

லாகின் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறவர்கள்கூட 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' பக்கத்தைக் கடைசி நேரத்தில் அவசரமாக எழுதி முடிக்கிறார்கள். அந்தப் பக்கம் மெயிலில் அனுப்பும் ரீசெட் லிங்க் யார் கையில் கிடைத்தாலும் கணக்கு அவர்களுடையது, அதனால் பாஸ்வேர்டுக்குக் காட்டும் அதே கவனம் இதற்கும் வேண்டும். இங்கே பிஎச்பியை வைத்துச் சொல்கிறேன், மற்ற மொழிகளிலும் முறை இதேதான்.

பழைய பாஸ்வேர்டை மெயிலில் அனுப்பவே கூடாது. உங்களால் அனுப்ப முடிகிறது என்றாலே அதை ஹாஷ் செய்யாமல், அதாவது திரும்ப மீட்க முடியாத குறியீடாக மாற்றாமல், வைத்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது டோக்கன், அதாவது லிங்க்கின் உள்ளே போகும் ரகசிய எழுத்துத் தொடர். நேரத்தையும் யூசர் ஐடியையும் சேர்த்து எம்டி5 என்ற பழைய ஹாஷ் போடுவது, நேரத்தை வைத்து ஐடி தரும் யூனிக்ஐடி ஃபங்ஷனை நம்புவது, இரண்டும் ஆபத்து, ஊகித்துவிடலாம். பிஎச்பி 7-லிருந்து ஊகிக்க முடியாத ரேண்டம் பைட்களைத் தரும் 'ரேண்டம்_பைட்ஸ்' இருக்கிறது. 32 பைட் வாங்கி, அதை எழுத்துகளாக மாற்றும் 'பின்2ஹெக்ஸ்' போட்டால் 64 எழுத்து வரும், அது மெயிலுக்கு. டேட்டாபேஸில் அதன் ஷா-256 ஹாஷை மட்டும் வையுங்கள். நாளைக்கே அந்த டேபிளை யாராவது திருடிப் போனாலும் அதை வைத்து ஒரு லிங்க்கும் தயாரிக்க முடியாது. டோக்கனே நீளமான ரேண்டம் என்பதால் இதற்கு பாஸ்வேர்டுகளுக்குப் போடும் மெதுவான ஹாஷான பிகிரிப்ட் தேவையில்லை.

காலக்கெடு கட்டாயம். தளம் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்குகளில், பிஎச்பியின் லாராவெல் தானாகவே 60 நிமிடம் வைக்கிறது, பைத்தானின் ஜாங்கோ மூன்று நாள் தருகிறது. என்னைக் கேட்டால் மூன்று நாள் ரொம்ப அதிகம், ஒரு மணி நேரம் தாராளம்.

லிங்க்கில் வரும் டொமைன் பெயரை ரிக்வெஸ்ட்டின் ஹோஸ்ட் ஹெடரிலிருந்து, அதாவது எந்தத் தளம் வேண்டும் என்று கேட்பவர் அனுப்பும் வரியிலிருந்து, எடுக்காதீர்கள். அதை மாற்றி அனுப்பி, உங்கள் மெயிலிலேயே தன் தளத்தின் லிங்க்கைப் போக வைக்க ஒருவரால் முடியும். டொமைன் பெயரைக் கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: சில அலுவலக மெயில் ஸ்கேனர்கள் லிங்க்கை முன்கூட்டியே திறந்து பார்க்கும். திறந்தவுடன் டோக்கனைச் செல்லாததாக்கினால், பாவம், உண்மையான யூசருக்கு 'லிங்க் காலாவதி' என்றுதான் வரும். கெட் ரிக்வெஸ்ட்டில் (லிங்க்கைத் திறக்கும்போது) ஃபார்மை மட்டும் காட்டுங்கள், புது பாஸ்வேர்டு போஸ்ட்டில் (ஃபார்மை அனுப்பும்போது) வந்த பிறகு டோக்கனை அழியுங்கள்.

இமெயில் பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதில்தான்: 'இந்த முகவரியில் கணக்கு இருந்தால் லிங்க் வந்து சேரும்.' பதில் வரும் வேகத்திலும் வித்தியாசம் தெரியக்கூடாது என்பதால் மெயிலை உடனே அனுப்பாமல், பின்னணியில் அனுப்பும் க்யூவில் போடுங்கள். ஒரே முகவரிக்குத் திரும்பத் திரும்பக் கேட்டால் வரம்பு வையுங்கள்.

புது பாஸ்வேர்டை 'பாஸ்வேர்டு_ஹாஷ்' போட்டுச் சேமித்ததும், அந்த யூசரின் மீதி டோக்கன்களையும் திறந்திருக்கும் எல்லா செஷன்களையும் (ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பவை) நீக்கிவிட்டு, பாஸ்வேர்டு மாறியதாக ஒரு மெயில் அனுப்புங்கள். அப்புறம் நீங்களே ஒரு லிங்க்கை இரண்டு தடவை பயன்படுத்திப் பாருங்கள், இரண்டாவது தடவை வேலை செய்தால் தளத்தை இன்னும் வெளியிடாதீர்கள்.