ஊர்ப் பூங்காவைச் சுற்றுலாத் தலமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராக் மாநிலத்தின் வடக்கே, நான்கு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிறுநகரத்தில், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றைச் சுற்றிப் பொதுப் பூங்கா ஒன்று அமைந்துள்ளது. காலை ஆறரை மணிக்கு, வெளிச்சம் பரவாத நேரத்திலேயே, ஒரு காலத்தில் பால்மரம் சீவிய பெரியவர்கள் இனிப்பு நீருக்காக மருத்துவர் நடக்கச் சொன்ன நடையை அங்கே தொடங்கிவிடுகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அதே இடம் பந்து விளையாடும் பிள்ளைகளுடையதாகிவிடுகிறது. தோட்டத்தில் குடியிருந்த காலத்தில் லயத்துக்கு எதிரே ஒரு திடலும், சற்றுத் தள்ளி ஒரு கோயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது கோயிலையும் பள்ளியையும் காப்பாற்றப் பலர் பாடுபட்டார்கள். திடலை யாரும் கேட்கவில்லை. மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு அந்தத் திடலின் இடத்தில் இன்று இருப்பது இந்தப் பூங்கா மட்டுமே.

2024ஐப் பேராக்கிற்கும் 2026ஐ மலேசியாவுக்கும் வருகை தரும் ஆண்டுகளாக அறிவித்த பிறகு, எங்களுடையதைப் போன்ற சிறுநகரங்களும் தம் பூங்காக்களைச் சுற்றுப்பயணிகளுக்குக் காட்டும் ஆர்வத்தில் இறங்கியுள்ளன. அதில் தவறில்லை. வெளியூரார் வந்தால் வடைக் கடைக்கும் செண்டோல் வண்டிக்கும் வியாபாரம் நடக்கும். கவனிப்பாரற்றுக் கிடந்த கழிப்பறைக்குக் கதவு வரும். இருட்டான நடைபாதைக்கு விளக்கு வரும். ஆனால் பூங்காவை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும் இடமாக மட்டுமே எண்ணி, அது நாள்தோறும் ஒரே மக்கள் புழங்கும் இடம் என்பதை மறந்துவிட்டால், அந்த ஒரே மறதியிலிருந்து பல தவறுகள் கிளைக்கின்றன. பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் நேர்வன அல்ல என்பதாலேயே அவற்றை முன்கூட்டி விளக்கிச் சொல்வது பயன்தரும் என்று நம்புகிறேன்.

தவறாக எண்ணுவது

முதல் தவறு கணக்கிலேயே தொடங்குகிறது. விழா நடந்த இரண்டு நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை எழுதுவது எளிது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் எத்தனை பேர் நடந்தார்கள் என்பதை எவரும் எழுதுவதில்லை. ஒருவர் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆண்டில் 50 வாரங்கள் நடக்க வந்தால் அது 250 வருகை. அப்படிப்பட்டவர்கள் நூறு பேர் இருந்தால் 25,000 வருகை ஆகிறது. இரண்டு நாள் விழாவுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர் வந்தாலும் மொத்தம் 10,000தான். விழாக் கூட்டம் ஒளிப்படத்தில் பெரிதாகத் தெரிகிறது. நடப்பவர்கள் சிறுகச் சிறுக ஆண்டு முழுவதும் பரவியிருப்பதால் கண்ணில் படுவதில்லை. கணக்கில் இல்லாதவர்களுக்குத் திட்டத்திலும் இடம் இருக்காது.

எனவே எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன்பு, வேலைநாள், வார இறுதி, பள்ளி விடுமுறை ஆகிய மூன்று வகை நாள்களிலும், காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளைகளில் ஒவ்வொரு மணிநேரம் அமர்ந்து எண்ண வேண்டும். தலைகளை மட்டும் எண்ணுவது போதாது. நடக்கிறார்களா, விளையாடுகிறார்களா, சக்கர நாற்காலியில் வந்தவர்களா, பேரப்பிள்ளையுடன் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்களா என்பதையும் குறிக்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. ஒரு பள்ளிப் பயிற்றுப் புத்தகமும் நான்கு தன்னார்வலர்களும் போதும். இப்படி எண்ணிப் பார்த்தால், உள்ளூராரும் வெளியூராரும் பெரும்பாலும் வெவ்வேறு வேளைகளில் வருகிறார்கள் என்பது தெரியவரும். எங்கள் பூங்காவில் நடப்பவர்கள் எட்டரை மணிக்கெல்லாம் பசியாறக் கிளம்பிவிடுகிறார்கள். வெளியூர் வண்டிகள் பத்து மணிக்குப் பிறகே வருகின்றன. இருவருக்கும் நடுவே வேலி கட்டுவதைவிட நேரத்தைப் பிரித்துக்கொள்வது மலிவானது, மனத்தாங்கல் இல்லாதது. விழா மேடை கட்டும் வேலையும் ஒலிபெருக்கிச் சோதனையும் காலை ஒன்பதுக்கு முன் கூடாது என்ற ஒரே விதி, பாதிச் சச்சரவைத் தீர்த்துவிடும்.

காலி இடம் என்று நினைப்பது

இரண்டாவது தவறுதான் என் பார்வையில் மிகக் கொடியது. வரைபடத்தில் எதுவும் எழுதப்படாத புல்வெளியைப் பார்த்தவுடன் திட்டமிடுபவர்களுக்கு அது காலியாகத் தெரிகிறது. அங்கே ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்துகளில் நிறுத்தலாம், சிமெண்டு விலங்குகளை வைக்கலாம், வண்ண விளக்கு மரங்களை நடலாம் என்று தோன்றிவிடுகிறது. எங்கள் பூங்காவிலும் அதுவே நடந்தது. சிறுவர்கள் செருப்புகளைக் கோல்கம்பமாக வைத்துப் பந்தாடிய மூலையில் ஒருநாள் ஆளுயர எழுத்துகள் நின்றன. அவற்றைச் சுற்றிச் சங்கிலி கட்டி, விளையாடக் கூடாது என்ற பலகையும் வைத்தார்கள். ஒளிப்படம் எடுக்க வந்தவர்கள் வார இறுதியில் மட்டும் வந்தார்கள். பந்தாடிய பிள்ளைகளோ அன்று முதல் அடுக்குமாடியின் வாகன நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டார்கள். எழுத்துகளை நுழைவாயில் ஓரத்திலோ குட்டையின் கரையிலோ வைத்திருந்தால் பின்னணியும் அழகாக இருந்திருக்கும், பிள்ளைகளின் இடமும் பறிபோயிருக்காது.

பார்வையாளரை ஈர்க்கும் பொருள்களை ஓரத்தில் வைத்து நடுவே புல்லை விட்டுவைப்பது தலைநகரத்திலும் பின்பற்றப்படும் முறைதான். பிரேசில் நாட்டு நிலவடிவமைப்பாளர் ரொபெர்த்தோ புர்லே மார்க்ஸ் வடிவமைத்த ஐம்பது ஏக்கர் கேஎல்சிசி பூங்காவில், சுற்றுப்பயணிகள் பெரும்பாலும் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களை ஒட்டிய நீரூற்றுப் பக்கமே கூடுகிறார்கள், ஓடுபவர்களுக்கு 1.3 கிலோமீட்டர் நீளத்தில் தனித் தடம் இருக்கிறது. இத்தனை நெருக்கடியான இடத்திலேயே இது முடியுமானால், நிலம் தாராளமாக உள்ள தோட்டப்புற நகரத்தில் முடியாது என்பதற்குக் காரணமே இல்லை.

காலி என்று நினைக்கும் மற்றோர் இடம் மரத்தடி. பழைய தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் அகலமாக இருப்பதால் அங்கே கார்களை நிறுத்த அனுமதித்துவிடுகிறார்கள். மரம் உணவும் நீரும் எடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மண்ணின் மேற்பகுதியிலேயே பரவியிருக்கின்றன. வண்டிகளின் எடையால் மண் இறுகினால் காற்றும் மழைநீரும் உள்ளே இறங்காமல் அந்த வேர்கள் மடிகின்றன. சேதம் உடனே தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும்போது, மரம் ஆபத்தானது என்று சொல்லி வெட்டிவிடுகிறார்கள். தைப்பிங் ஏரிப் பூங்காவை இங்கே நினைவுகூர வேண்டும். ஈயச் சுரங்க நிலத்தில் 1880இல் உருவான அந்தப் பூங்காவுக்குப் பெயர் வாங்கித் தந்தவை, ஏரியின் மீது கிளை தாழ்த்தி நிற்கும், 19ஆம் நூற்றாண்டில் நட்ட தூங்குமூஞ்சி மரங்களே. அவை நிற்கும் சாலையின் ஒரு பகுதியில் வாகனங்கள் செல்வதைத் தடுத்து, அதை நடப்பவர்களுக்கே விட்டுவிட்டார்கள். சுற்றுப்பயணிகள் குறையவில்லை, அவர்களும் இறங்கி நடக்கிறார்கள். மரம் வெட்டுவதைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது: 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995இல் சேர்த்த திருத்தத்தின்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, உள்ளூர்த் திட்டமிடல் ஆணையத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்ட முடியாது.

வாகனப் பிரச்சினைக்குக் கோலசிலாங்கூரின் மலாவத்தி குன்றும் நல்ல பாடம். அங்கே வார இறுதியில் கார்களை அடிவாரத்தில் நிறுத்தச் சொல்லி, பார்வையாளரைச் சிறு டிராம் வண்டியில் மேலே ஏற்றிச் செல்லும் ஏற்பாடு உண்டு. அதே குன்று இன்னொரு தவறையும் காட்டுகிறது. குரங்குகளுக்கு உணவு கொடுப்பதையே ஈர்ப்பாக வளர்த்துவிட்டால், விலங்கு மனிதனின் கையைப் பார்த்தே வாழப் பழகிக்கொள்ளும். பிறகு பையைப் பறிக்கும்போது அடிபடுவதும் அதுதான்.

குத்தகைக்கு விட்டுவிட்டு ஒதுங்குவது

பராமரிப்புக்குப் பணம் இல்லாதபோது, மிதிபடகையும் வாடகைச் சைக்கிளையும் குத்தகையாளரிடம் ஒப்படைப்பது இயல்பு. ஒப்பந்தத்தில் வாடகைத் தொகை மட்டும் இருந்து, எங்கே, எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பவை இல்லாமல் போவதுதான் தவறு. மின் ஸ்கூட்டர்களைச் சாலையில் ஓட்டுவதை 2021ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்துள்ளன. சாலையில் ஓடக் கூடாதென்று விலக்கிய வண்டியை, கண்பார்வை மங்கிய பாட்டிகள் நடக்கும் பாதையில் மணிக்கு இத்தனை ரிங்கிட் என்று வாடகைக்கு விடுவதை நான் சிறிதும் ஏற்கமாட்டேன். நடைபாதையில் வாடகைச் சக்கர வண்டிக்கு இடமில்லை, கழிப்பறைக்குக் கட்டணமில்லை, புல்வெளியில் கூடாரம் போட்டால் மறுநாள் காலைக்குள் அகற்ற வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளாவது ஒவ்வொரு குத்தகையிலும் எழுதப்பட வேண்டும்.

உணவுக் கடைகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் இரவில் குப்பையை அள்ள ஆளில்லாமல் கடைக்கு உரிமம் கொடுத்தால் எலிகள் பெருகும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய் மலேசியாவில் 2010 முதல் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. குட்டையோரம் வெறுங்காலுடன் இறங்கும் பிள்ளைகள் உள்ள பூங்காவில் இதை அலட்சியம் செய்ய முடியாது. சிமெண்டுச் சிலைகளின் மடிப்புகளில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் அதே கவனத்தைக் கோருகிறது. திறப்புவிழாவுக்கு முன்பே, ஐந்தாவது ஆண்டில் இந்தச் சிலைகளைத் துடைக்கப் போவது யார், சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

முடிவெடுத்த பிறகு கேட்பது

கருத்துக்கேட்புக் கூட்டத்தை வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைத்து, மலாயில் மட்டும் அறிவிப்பை ஒட்டிவிட்டு, மக்கள் வரவில்லை என்று எழுதிக்கொள்வது நேர்மையான செயல் ஆகாது. தொழிற்சாலையில் மாறுநேர வேலை செய்பவரும் தோட்டத்துக்கு விடியலில் போகிறவரும் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? ஞாயிறு மாலை, பூங்காவிலேயே, நடப்பவர்கள் கூடும் கொட்டகையில் வைத்தால் வருவார்கள். தமிழில் ஒரு பக்க விளக்கத் தாள் இருந்தால் பேசவும் செய்வார்கள்.

நம் பக்கமும் தவறு உண்டு. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் வட்டாரத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் குறைந்தது நான்கு வாரம் தருகிறது. அந்த நான்கு வாரமும் நாம் வாய் திறப்பதில்லை, இயந்திரம் மண்ணைத் தோண்டிய பிறகு புலனக் குழுவில் கொதிக்கிறோம். கோலாலம்பூரின் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் குடியிருப்பாளர்கள் விடாமல் போராடியதால், பூங்கா நிலத்தில் அடுக்குமாடிகள் கட்ட வழங்கப்பட்ட மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆனால் அதே நிலத்தின் ஓரத்தில் நீண்ட வீடுகளில் பல பத்தாண்டுகள் வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் புக்கிட் கியாரா தோட்டத்தின் பழைய தொழிலாளர் குடும்பங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தொடக்கத்திலேயே எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்திருந்தால், பூங்காவைக் காப்பதும் அவர்களுக்கு வீடு கிடைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான கோரிக்கைகளாகத் தோன்றியிருக்க மாட்டா.

வெளியூராரை எதிரிகளாகப் பார்ப்பதும் நமக்கு அழகில்லை. பள்ளி விடுமுறையில் வேன் எடுத்து, புளிச்சாதம் கட்டிக்கொண்டு தைப்பிங்குக்குப் போகும்போது நாமும் சுற்றுப்பயணிகளே. அங்கே காலையில் நடக்கும் ஒருவரின் பாதையில் பாய் விரித்தவர்கள்தாம். வழி கேட்டு வருபவருக்குக் கழிப்பறையையும் நல்ல தோசைக் கடையையும் காட்டும் ஒரு பலகை, தடைகளை மட்டுமே அடுக்கும் பத்துப் பலகைகளைவிட அதிக ஒழுங்கைக் கொண்டுவரும்.

அடுத்த பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன் எங்கள் பூங்காவில் எண்ணும் பணியைத் தொடங்க நடைக் குழுவினர் சிலர் ஒப்புக்கொண்டுள்ளார்கள். காலை வேளையை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், மாலையைப் பந்தாடும் பிள்ளைகளின் பெற்றோரும் பார்த்துக்கொள்வார்கள். தாள்கள் நிரம்பியதும் அவற்றின் மூன்று படிகளை எடுத்து, ஒன்றை நகராண்மைக் கழகத்தின் பூங்காப் பிரிவுக்கும், ஒன்றை எங்கள் பகுதி நகராண்மைக் கழக உறுப்பினருக்கும் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்து, மூன்றாவதைக் கொட்டகையின் அறிவிப்புப் பலகையில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டவிருக்கிறோம்.