மஞ்சளில் எவ்வளவு சிவப்பு?

கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் என்ன கலர் வேண்டும் என்று கேட்டால், "மங்களகரமா ஒரு மஞ்சள் போடும்மா" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் உடனே அடுத்த கேள்வியைப் போடுவேன்: "எலுமிச்சம்பழமா, பங்கனப்பள்ளியா, துலுக்கச்சாமந்தியா?" அம்மாக்கள் பட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள், தி.நகர் ஜவுளிக்கடைகளில் பழகிய கண். அப்பாக்கள்தான் போனை எடுத்துப் படம் தேட ஆரம்பிப்பார்கள்.

திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷமாக டிசைன் வேலை செய்கிறேன். முக்கால்வாசிப் பேர் கேட்பது பங்கனப்பள்ளிதான். நன்றாகப் பழுத்த பழத்தின் தோல் நிறம், அதாவது பொன் மஞ்சள்.

அந்த நிறம் கொஞ்சம் சிவப்பு ஏறிய மஞ்சள். அச்சில் நாலு மைதான், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு: மஞ்சள் 100, மெஜந்தா (ரோஸ் கலந்த சிவப்பு) 20 முதல் 25, சயான் (பச்சை சாய்ந்த நீலம்) 0, கறுப்பு 0. மெஜந்தா பத்துக்குக் கீழே இறங்கினால் எலுமிச்சை. நாற்பதைத் தாண்டினால் துலுக்கச்சாமந்தி. வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பிதழுக்கு மை கிடையாது, திரையின் மூன்று ஒளிகள்தான், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சிவப்பு 255, பச்சை 192, நீலம் 0 என்று வைத்துத் தொடங்குங்கள், அப்புறம் கண்ணுக்குத் தகுந்தபடி நகர்த்திக்கொள்ளலாம்.

சயான் 0 என்று சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை மணப்பெண்ணின் முகூர்த்தப் புடவைப் படத்திலிருந்தே நிறத்தை உறிஞ்சி எடுத்துப் போட்டேன். திரையில் அருமையாக இருந்தது. அந்த நிறத்தோடு சயான் 8 ஒட்டிக்கொண்டு வந்ததை நான் பார்க்கவில்லை. 500 பத்திரிகையும் அடித்து வந்தபோது பழுக்காத காய் மாதிரி பச்சை ஓடிக் கிடந்தது. பெண் வீட்டுப் பாட்டி ஒன்றைக் கையில் எடுத்து, "என்னடியம்மா, காமாலை கண்ட மாதிரி இருக்கு" என்றார். மறு அச்சு என் செலவில்தான். பல நிறங்களில் இப்படி ஐந்து பத்து கூடினால் அவ்வளவாகத் தெரியாது, மஞ்சள் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது காகிதம். ஆண்டர்சன் தெருவில் 'சூப்பர் ஒயிட்' என்று நீட்டும் தாளில் வெண்மைக்காகச் சேர்த்த பொருள் ஒருவித நீலச் சாயலைத் தரும். அதன் மேல் மஞ்சள் கொஞ்சம் குளிர்ந்துதான் தெரியும். க்ரீம் நிறத் தாளாக இருந்தால் தாளே சூட்டைக் கொடுத்துவிடும், மெஜந்தாவில் ஐந்தைக் குறைத்துக்கொள்ளலாம். மாதிரித் தாளை மட்டும் டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்து ஓகே சொல்லாதீர்கள். 6500 கெல்வின் (பல்பு அட்டையில் போட்டிருக்கும் வெளிச்ச நிறத்தின் அளவு) வெள்ளை வெளிச்சத்தில் பொன் மஞ்சள் சோகை பிடித்தது போல இருக்கும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் தேவைக்கு மேல் ஆரஞ்சு அடிக்கும். காலை ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் நிழலில் வைத்துப் பாருங்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். எதன் மேல் எது படிக்க முடியும் என்பதற்கு ஒளி வித்தியாசக் கணக்கு ஒன்று உண்டு: எழுத்து, பின்னணி இரண்டில் வெளிச்சமானது மற்றதைவிட எத்தனை மடங்கு என்பது. இணையத்தில் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது வழக்கம். நான் மேலே சொன்ன மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் அந்தக் கணக்கு 1.6-தான் வரும். சுத்தச் சிவப்பு எழுத்துக்கு 2.4. மஞ்சள் நோட்டீஸில் சிவப்பு எழுத்து நம் ஊர் வழக்கம்தான், ஆனால் மண்டப முகவரியைப் பொடி எழுத்தில் அப்படிப் போட்டால் கண்ணாடி போட்டவர்கள் திட்டுவார்கள். நல்ல ஆழமான அரக்கு ஏழைத் தாண்டும். கறுப்பு பன்னிரண்டுக்கும் மேல்.

அப்படியானால் கறுப்பே போடலாமே என்பீர்கள். இங்கேதான் அர்த்தம் குறுக்கே வந்து நிற்கிறது. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் சென்னைக்காரன் கண்ணுக்கு அது ஆட்டோ, ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப்பலகை, ஸ்கூல் வேன். தூரத்திலிருந்தே படிக்கத்தான் அந்தச் சேர்க்கை. 1939-ல் நியூயார்க்கில் பள்ளிப் பேருந்துக்கு இந்த வகை மஞ்சளைத் தேர்ந்தெடுத்ததற்கும், விடிகாலை மங்கலில் அதன் மேல் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரிந்தது ஒரு காரணம். மெஸ் போர்டுக்கு, பார்க்கிங் பலகைக்கு அது சரி. பத்திரிகைக்கு அரக்குதான். நீலம் சேர்த்தால் சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்கப் போகிற ஜெர்சி. ஒரு மாப்பிள்ளை அதையே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிப் போனார், அது வேறு கதை.

மஞ்சளுக்கு நம்மிடம் நல்ல பெயர் மட்டும் இல்லை. தாலிக் கயிறும் மஞ்சள், கடன்காரன் திவாலாகிக் கொடுப்பதும் மஞ்சக் கடுதாசி. மஞ்சப்பையோடு பஸ் ஏறினால் பட்டிக்காட்டான் என்று சிரித்த ஊர் இது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் ஆரம்பித்த பிறகு, செக்கு எண்ணெய்க் கடைக்காரர்கள் எல்லாம் என்னிடம் அந்தத் துணி நிறத்தைத்தான் கேட்கிறார்கள். அதற்கு மெஜந்தா 15 போதும், பளபளப்பு கூடவே கூடாது.

'கோல்டு' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாலு மையைக் கலந்து தங்கத்தின் மினுக்கைக் கொண்டுவர முடியாது, கடுகு நிறத்தில்தான் போய் முடியும். மினுங்க வேண்டும் என்றால் ஃபாயில், அதாவது மேலே ஒட்டுகிற மெல்லிய மினுங்கும் தகடு. அதையும் பொன் மஞ்சள் மேல் ஒட்டாதீர்கள், இருப்பதே தெரியாது. அரக்கு அட்டையில் ஒட்டினால் எடுப்பாக இருக்கும்.

வீட்டுச் சுவருக்கும் கேட்கிறார்கள். ஒரு சுவர் போதும். நாலு சுவருக்கும் அடித்தால் ஒன்றின் நிறம் இன்னொன்றில் பட்டு, ஷேட் கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகிவிடும். வெள்ளை பிரைமர் கட்டாயம், அதற்கு மேல் மூன்று கோட்டுக்குத் தயாராக இருங்கள். என் அப்பா போர்டு எழுதுகிறவர், அவர் காலத்து குரோம் எல்லோ ஒரே இழுப்பில் தகரத்தை மூடும். அது ஈயக் குரோமேட். 2017-லிருந்து வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்துவிட்டது. நல்ல விஷயம்தான், கோட்டு எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, டிசைனர்கள் மறந்துவிடுவது. நீங்கள் எவ்வளவு அழகாக மஞ்சள் போட்டாலும், வீட்டுப் பெரியவர்கள் நாலு மூலையிலும் நிஜ மஞ்சளைத் தடவாமல் முதல் பத்திரிகையைக் கொடுக்க மாட்டார்கள். லேமினேஷன் போட்ட அட்டையில் அது ஒட்டாது, காய்ந்ததும் பொடியாக உதிரும். ஆகவே லேமினேஷன் இல்லாத சொரசொரப்புத் தாளாகப் பாருங்கள். ஆரத்திக்குக் கரைக்கிற பழக்கத்தில் அதில் சுண்ணாம்பு கலந்துவிட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள், மஞ்சள் சிவந்துவிடும். தடவியதும் உடனே அடுக்கவும் கூடாது, மேலே இருக்கும் பத்திரிகையின் முதுகில் கறை ஏறும். கால் மணி நேரம் ஃபேனுக்கு அடியில் பரப்பி வைக்கச் சொல்லுங்கள்.