படுக்கையறை முழுக்க கார்பெட்: நீங்களே விரிக்கலாம்

சென்னையில் கார்பெட்டுக்கு எதிரி வெயில் இல்லை, ஈரம். அதுவும் தரைத்தள வீடு என்றால் கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒன்றரை அடிச் சதுரமாக பாலித்தீன் தாளை வெட்டி, இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தின் மேல் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். மறுநாள் பிரிக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்த அறைக்குக் கார்பெட் வேண்டாம். இதை அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், மழை நாளில் பார்ப்பதுதான் நல்லது. மே மாதத்தில் எந்தத் தரையும் காய்ந்துதான் இருக்கும்.

வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன் இழையாகக் கேளுங்கள். அது தண்ணீரை உறிஞ்சாது. பின்பக்கம் சணல் வைத்தது வேண்டாம், ஈரம் பட்டால் நாறிப்போகும்.

அளவுக்கு வருவோம். ரோல் பெரும்பாலும் 12 அடி அகலத்தில் வரும். அறை 10-க்கு 11 என்றால், 11 அடிப் பக்கத்தை ரோலின் அகலத்தில் அடக்கி, நீளத்தில் 10 அடி 8 அங்குலம் வெட்டச் சொல்லுங்கள். நடுவில் ஒட்டுப் போடும் வேலையே இருக்காது. எல்லாப் பக்கமும் சில அங்குலம் கூடுதலாக இருப்பது வீண் இல்லை. எங்கள் அறை மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்கும் என்று நம்பி முதலிலேயே அளவாக வெட்டிவிட்டேன். ஒரு மூலையில் அரை அங்குலம் தரை தெரிந்தது. இப்போது அங்கே பீரோ நிற்கிறது.

குளிர் நாடுகளில் சுவரோரம் ஆணிப்பட்டை அடித்து, கார்பெட்டை இழுத்து மாட்டுவார்கள். நம் தரையில் ஆணி அடித்தால் டைல்ஸ் விரிசல் விடும். பசை ஊற்றினால் பிறகு சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாடகை வீட்டில் நினைக்கவே வேண்டாம். டபுள் சைடு டேப் போதும்.

தரையைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கார்பெட்டை ஒரு நாள் விரித்தே போட்டு வைத்தால் சுருள் அடங்கும். கையால் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் தடவினால் வெளிறும், எதிர்ப்பக்கம் கறுக்கும். வாசலிலிருந்து பார்க்கும்போது எந்த நிறம் பிடிக்கிறதோ அப்படித் திருப்பிப் போடுங்கள்.

சுவரோரம் சுற்றிலும், நடுவில் இரண்டடிக்கு ஒரு வரிசையாகவும் டேப்பை ஒட்டுங்கள். மேல்தாளை உரிக்க வேண்டாம். கார்பெட்டைப் போட்டு, மிச்சம் நாலு சுவரிலும் ஏறி நிற்கும்படி வைத்து, பாதியை மடியுங்கள். அந்தப் பாதியில் மட்டும் தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். நான் துணி சுற்றிய சப்பாத்திக் கட்டையால் உருட்டினேன். அப்புறம் மறுபாதி.

வெட்டுவது கடைசியில்தான். மூலையில் சுவர் மேல் ஏறிய பகுதியை மேலிருந்து தரை வரை நேராகக் கீறிவிட்டால் அது படிந்துவிடும். சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் ஓரத்தைச் சுவரடியில் இறுக்கிப் பிடித்து, கட்டரைத் தகட்டை ஒட்டி இழுங்கள். முனை மழுங்கினால் இழை பிய்ந்து வரும்; நாலைந்தடிக்கு ஒருமுறை பிளேடு முனையை உடையுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

வாசலில் ஒட்டும் வகை அலுமினியப் பட்டை போடுங்கள். கதவு உரசினால் கார்பென்டரிடம் கொடுத்து அடியை இழைக்கலாம்.

சரி, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இந்த அறைக்கு மாப் போட வேண்டாம் என்று அன்றே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்தேன். இரண்டு நாள் ஃபேன் ஓடியது.